பிரண்டு தொரே, பால் வாளி தொரே

கோலசிலாங்கூர்
11 பிப்ரவரி 1951

இயேசு மரி சூசை துணை

மரியாதைக்குரிய அக்கா முரியலுக்கு,

உங்கள் தம்பி ராஃபேல் எழுதுவது. உங்கள் கலியாணத்துக்கும் வராமல், அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதாமல் இருந்தவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கோபம் வரும். கடிதத்தைக் கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் இங்கே போலீஸ் ஸ்டேஷனில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். வெள்ளைக்கார அதிகாரி கேட்பதைத் தமிழில் கேட்பேன். பிடிபட்டவன் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். என் சொந்தப் பேச்சு என்று அங்கே எதுவும் கிடையாது.

நேற்று லோரியில் ஒரு பிணம் வந்தது. செல்லன் என்று பெயர். உங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர். விடிகிற நேரத்தில் வேலைக்குப் போனவரைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தான் "ஹால்ட்" என்று கத்தியிருக்கிறான். விரட்டுகிறான் போலிருக்கிறது என்று இவர் நடையை எட்டிப் போட்டிருக்கிறார். கையில் பால் வாளி. அரை இருட்டில் அது வாளியா வெடிகுண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகில் சுட்டுவிட்டான். குண்டு முன்பக்கம் வெளியே வந்த இடத்தில் என் கை முழுவதும் நுழையும். அதை நான் எழுதியிருக்க வேண்டாம், மன்னியுங்கள்.

"நிற்கச் சொன்னோம், அவர் நிற்கவில்லை" என்று அவருடைய மனைவியிடம் சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. "எந்தப் பாஷையில சொன்னாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டாள். சுட்டவனையும் பார்த்தேன். முகமெல்லாம் பரு. ஸ்டேஷன் பின்னால் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கட்டாயத்தின் பேரில் பட்டாளத்துக்கு இழுத்து வந்த பையன்கள் இவர்கள். நிழல் அசைந்தாலும் சுடுவார்கள்.

அக்கா, உங்கள் தோட்டத்து லய வீடுகளில் கான்வென்டில் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஹால்ட் என்றால் நில். அடுத்ததாக "ஹூ கோஸ் தேர்" என்பான். யாரது என்று அர்த்தம். இரண்டு கையையும் தூக்கி "ஃபிரண்ட்", அதாவது சிநேகிதன், என்று சொல்ல வேண்டும். சொன்னால் உயிர் தப்பும். உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ராஃபேல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
18 பிப்ரவரி 1951

அடே ராஃபேல்,

மரியாதைக்குரிய அக்காவாம்! "நீங்கள்" வேறு! எப்போதிருந்தடா இந்த மரியாதை? என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளர்ந்தவன்தானே நீ? "உங்கள் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறாய். அத்தான் என்று எழுதினால் பேனா முள் உடைந்துவிடுமோ?

ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி மகள் ஒரு பால்வெட்டுக்காரனை, அதுவும் கோயிலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைச் சைக்கிளில் வைத்துப் பூசைக்கு அழைத்து வந்து, முடிகிறவரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். இருசப்பன் என்று அவருக்குப் பெயர், மறந்திருந்தால் எழுதி வைத்துக்கொள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்கிறாய். தோட்டத்தை நடத்திய பழைய துரையை நினைத்துப் பார். அந்தக் காலத்தில் துரைமார்கள் நம் பாஷையைப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். தேறாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. அவர் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற மண்டோர் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ என்னவோ, பங்குச் சாமியாரையே "வாடா சாமி, உக்காருடா" என்றார். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். போன வருஷம் காட்டுக்காரர்கள், அந்தக் கம்யூனிஸ்டு ஆட்கள், அவரைக் காரோடு சுட்டபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "தண்ணி குடுடா" என்று தமிழில்தான் கேட்டாராம். டிரைவர் சொன்னான். அப்போதெல்லாம் இங்கிலீஷ் ஆபீஸ் வாசற்படியைத் தாண்டாது. இப்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள்ளேயே வந்துவிட்டது. புது துரைக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

எங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். கேட்டுப் பக்கத்திலேயே பட்டாளம் கூடாரம் அடித்திருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது பொம்பளைகளின் மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். காட்டுக்கு அரிசி கொண்டுபோகிறோமாம். அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். தொழிலாளர் யூனியனைத் தடை செய்த வருஷம் ஓடிப்போனானே நல்லசாமி, உன் அத்தானுடைய உயிர்க் கூட்டாளி, அவனும் அங்கேதான் இருக்கிறான் என்று பேச்சு. அந்தப் பக்கம் போனால் அவர்கள் கழுத்தறுக்கிறார்கள், இந்தப் பக்கம் வந்தால் இவர்கள் சுடுகிறார்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி.

சொல்லிக்கொடுக்கிறேன். உனக்காக அல்ல. செல்லனை எனக்குத் தெரியும். அவர் பெண்டாட்டி கேட்ட கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது. அதோடு, என் புருஷன் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

முரியல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
22 ஏப்ரல் 1951

அன்புள்ள தம்பி,

உன் அத்தானைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன், கேள். உன் போலீஸ் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரி.

ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகையில் வகுப்பு. வாரத்தில் ஆறு நாள் நான் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற இடத்தில் ஏழாம் நாள் அவர்களுடைய அப்பன் ஆத்தாள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "எங்களுக்கு எங்கம்மா இங்கிலீஷு வரும்?" என்றார்கள். "பெரட்டுக் களத்துக்குத் தினமும் காலையில பேர் குடுக்கப் போறீங்களே, அந்தப் பெரட்டு எந்தப் பாஷை? இங்கிலீஷ்காரன் பரேடு. உங்க தாத்தன் வாயில விழுந்து பெரட்டு ஆயிருச்சு. லயம்னு சொல்றீங்களே, அதுவும் லைனுதான்" என்றேன். பக்கத்து வீட்டு வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்ப நாம பொறந்ததுலேருந்து இங்கிலீஷ்லதான் குடியிருக்கோமாலா!" என்றாள். அதற்குப் பிறகு வாய் திறந்தது.

எல்லாரும் படித்துவிட்டார்கள், உன் அத்தானைத் தவிர. "நான் அவனுக்குச் சிநேகிதனா? என் சிநேகிதன் காட்டுல கொசுக்கடியில கிடக்கான். பொம்பள மடியத் தடவுறவன என்னால சிநேகிதன்னு சொல்ல முடியாது. போ டீச்சரம்மா!" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ராத்திரி சண்டை. "உங்க வீறாப்பை எனக்குச் சீலையில முடிஞ்சு குடுத்துட்டுப் போவீங்களா? தாலி கட்டுனவருக்கு ஒரு வார்த்தை சொல்லக் கசக்குதோ?" என்று நான் அழுதுவிட்டேன். மறுநாள், "சரி, என்ன சொல்லணும், சொல்லிக் குடு" என்று வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் விட்டேனா நான்? சோற்றில் கை வைக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து "ஹால்ட்!" என்பேன். குளிக்கும்போது "ஹால்ட்!" என்பேன். தூங்குகிறவர் காதில் கத்தினாலும் இரண்டு கையும் தானாக மேலே போக வேண்டும், வாய் தானாகச் சொல்ல வேண்டும். குழம்புச் சோறு தலையில் வழிய அவர் கை தூக்கி நின்றதைப் பார்த்து லயமே சிரித்தது.

ஆனால் மனிதர் சும்மா சொல்வாரா? தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். செல்லனை வாளியைப் பார்த்துப் பயந்துதானே சுட்டான், அதையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. "பிரண்டு தொரே, பால் வாளி தொரே!" இதுதான் அவருடைய இங்கிலீஷ். பாதியில் தமிழ் வருகிறதே, அவனுக்குப் புரியாதே என்றால், "வாளியத் தூக்கிக் காட்டுறேன்ல, கண்ணு இருந்தா புரியும்" என்கிறார். இந்தத் தோட்டத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆளாளுக்குக் கேலி.

போன வாரம் பனியில் எதிரே பட்டாளம் வந்துவிட்டது. துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே. இவர் கையைத் தூக்கினார், வாளியும் சேர்ந்து மேலே போனது, "பிரண்டு தொரே, பால் வாளி தொரே!" என்று ஒரு சத்தம். அந்தப் பையன் முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம். அன்றிலிருந்து கேட்டில் இவரைப் பார்த்தாலே அவன்களுக்குப் பல் தெரிகிறது. "பார்த்தியா டீச்சரம்மா, உன் இங்கிலீஷ விட என் இங்கிலீஷ்தான் செல்லுது" என்று மீசையை முறுக்குகிறார்.

உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேன் பார்.

உன் அக்கா,
முரியல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
3 ஜூன் 1951

ராஃபேல்,

அவரைக் கொன்றுவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்திருக்கும். பிணம் உன்னிடம்தான் வந்திருக்கும். ஆனால் எப்படி என்று நான் சொல்கிறேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

காட்டோரத்து மர நிரை. வேலம்மா அடுத்த நிரையில் மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். புதரிலிருந்து காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஆட்கள் வந்தார்கள். யாரும் ஹால்ட் என்று சொல்லக்கூட இல்லை. துப்பாக்கியைப் பார்த்ததும் அவருடைய கை தானாக மேலே போய்விட்டது. "பிரண்டு தொரே, பால் வாளி தொரே!" வேலம்மா அதைக் கேட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். பட்டாளம் இல்லை, ராஃபேல். காட்டுக்காரர்கள். அவர்களைப் பார்த்து இங்கிலீஷில் சிநேகிதன் என்று கத்தியிருக்கிறார். காட்டிக்கொடுக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான் என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்?

அவர் சிரித்தார் என்கிறாள் வேலம்மா. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் அவர் சிரித்த சத்தம் கேட்டதாம். தன்னைக் கொல்ல வந்தவனைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? இவளுக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது.

கழுத்தை அறுத்திருந்தார்கள். வாளி கவிழ்ந்து பால் முழுவதும் அவர் மேலே கொட்டி, ரத்தத்தோடு சேர்ந்து உறைந்துபோயிருந்தது. நெஞ்சிலிருந்து அதைச் சிவப்பு ரப்பராக உரித்து எடுத்தோம். மயிரும் தோலும் கூடவே வந்தன. நான்தான் உரித்தேன்.

நான்தான் சோற்றில் கை வைக்க விடாமல் பழக்கினேன். தூக்கத்தில் கூட மறக்காதபடி பழக்கினேன். நீதான் பழக்கச் சொன்னாய். நாசமாய்ப் போன அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் இல்லாதிருந்தால் தமிழில் "ஐயோ" என்றிருப்பார். விட்டிருப்பார்கள்.

எழுதாதே. வராதே.

கோலசிலாங்கூர்
30 ஜூன் 1951

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். அடக்கத்துக்கு வந்தேன், நீ கதவைத் திறக்கவில்லை. உன் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊரடங்குக்குமுன் கடைசி லோரியில் திரும்பினேன். வேலம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வேறு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தானை இங்கே கொண்டுவந்தபோது உடம்பைத் துடைத்து வேட்டி கட்டியது நான். ஆஸ்பத்திரி ஆளைத் தொட விடவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மரண விசாரணையில் வேலம்மா பேசியதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். பால் வாளி என்ற இடத்தில் அதிகாரி பேனாவை நிறுத்தி, அது என்ன என்று கேட்டார். அர்த்தத்தைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் புன்னகை செய்தார். அக்கா, அந்த மேசையைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. அடுத்த கேள்வியை மொழிபெயர்த்தேன்.

நான் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னதால் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் அத்தான் பிழைக்கவில்லை. செய்தவன் என்றைக்காவது பிடிபட்டால் என் முன்னால்தான் வந்து நிற்பான். இந்த வேலையில் நான் இருப்பது இப்போது அதற்காக மட்டும்தான்.

ராஃபேல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
16 மார்ச் 1952

ராஃபேல்,

இத்தனை மாதம் கழித்து எழுதுகிறேன். உறவு கொண்டாட அல்ல. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

நான் இப்போது பால் வெட்டுகிறேன். வேலைக்காரன் செத்தால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு அவர் நிரைக்கே போனேன். மாடு மாதிரி உழைத்தால் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறது. அந்த ஒரு மரத்தை மட்டும் வெட்டாமல் தாண்டிப் போகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டை அடைக்கப் போகிற நேரம். நாங்கள் வரிசையில் நின்றோம். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒருத்தன் வந்தான். எலும்பும் தோலும். கால் முழுக்கச் சீழ். கேட்டில் நின்றவன் துப்பாக்கியை நீட்டி "ஹால்ட்!" என்று கத்தினான். வந்தவன் இரண்டு கையையும் தூக்கினான். அழுதுகொண்டே கத்தினான்.

"பிரண்டு தொரே, பால் வாளி தொரே!"

அவன் கையில் வாளி இல்லை, ராஃபேல். வெறும் கை. அந்தப் பேச்சில் வாளி எதற்கு வருகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. முழுவதும் மந்திரம் என்று நினைத்து ஒப்பிக்கிறான். என் புருஷனைத் தவிர இந்த உலகத்தில் ஒருத்தரும் சொல்லாத பேச்சு. அவர் செத்த பிறகு இந்த லயத்தில் யாரும் விளையாட்டுக்குக்கூட அதை வாயில் எடுத்ததில்லை. இவன் மாதிரி ஆட்கள் காட்டுக்கு ஓடிய வருஷத்தில் இங்கே ஹால்ட் என்றாலே யாருக்கும் தெரியாது. அப்படியானால் எங்கே கற்றுக்கொண்டான்? யார் வாயிலிருந்து?

தாடிக்குள்ளே முகத்தை அடையாளம் கண்டேன். நல்லசாமி. என் கையால் சோறு தின்றவன்.

பட்டாளத்தான் சுடவில்லை. அந்தப் பாழாய்ப்போன பேச்சைக் கேட்டதும் பழைய ஞாபகத்தில் சிரித்துவிட்டான். கத்தியோடு நான் பாய்ந்தேன். வேலம்மாவும் இன்னும் நாலு பேரும் என்னை மண்ணில் போட்டு அமுக்கினார்கள். என் பல் ஒன்று உடைந்தது.

சரணடைந்தவன் என்று ஜீப்பில் ஏற்றி உன் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிகரெட் கொடுத்து ஏற்றினார்கள். உன் முன்னால்தான் நிற்பான் என்று எழுதினாயே, நிற்கிறான். கேள். என்ன செய்தான் என்று கேள். அவன் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் உன் அதிகாரியிடம் இங்கிலீஷில் சொல். அவனைத் தூக்கில் போட வேண்டும். இவ்வளவு காலம் நீ படித்த படிப்புக்கு அந்த ஒரு வேலையைச் செய்.

முரியல்

கோலசிலாங்கூர்
30 மார்ச் 1952

அக்கா,

கேட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிடிபட்டவன் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவனும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவன் இப்படிச் சொல்கிறான்" என்று சேர்க்கக் கூடாது. அப்படித்தான் இத்தனை நாளும் பேசியிருக்கிறேன். எத்தனையோ பேருடைய திருட்டையும் கொலையையும் என் வாயால் "நான் செய்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அன்று சாப்பிட முடியவில்லை.

அவன் சொன்னது இது. என் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

"எங்க காக்கியப் பார்த்துப் பட்டாளம்னு நெனச்சுட்டான். கையத் தூக்கி அதைச் சொன்னான். அப்புறந்தான் என் மூஞ்சியப் பார்த்தான். சிரிச்சான். 'அட நல்லசாமி, நீயா! பயந்தே போயிட்டேன்லா'ன்னு மெல்லச் சொன்னான். இவன் பட்டாளத்தானச் சிநேகிதன்னு கூப்புடுறான், உளவாளின்னான் எங்க தலைவன். இல்ல, என் கூட்டாளி, யூனியன்ல கூட இருந்தவன்னு சொன்னேன். அப்படின்னா நீயே முடி, இல்லாட்டி நீயும் பக்கத்துல படுன்னு என் முதுகுல துப்பாக்கிய வச்சான். இருசப்பனுக்கு வெளங்கிருச்சு. எங்க மத்த ஆளுங்க சீனங்க, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அவன் மெதுவாச் சொன்னான். 'நல்லசாமி, இவனுங்ககிட்ட கெடந்து சாகாத. கேட்டுக்கு வந்துரு. கையத் தூக்கி நான் சொன்னத அப்படியே சொல்லு, சுட மாட்டான். ஒரு வாட்டி சொல்லிக் காட்டு'ன்னான். நான் சொல்லிக் காட்டுனேன். 'சரியாச் சொல்ற'ன்னான். அப்புறம் கண்ண மூடிக்கிட்டான்."

பிறகு என்ன செய்தாய் என்று அதிகாரி கேட்டார். நான் கேட்டேன். "அறுத்தேன்" என்றான். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "நான் அவன் கழுத்தை அறுத்தேன். அவன் என் சிநேகிதன்." என் வாயால் சொன்னேன், அக்கா. ஒரு எழுத்து விடவில்லை. 

அதிகாரி சாம்பலைத் தட்டினார். "காட்டில் இப்படி ஆயிரம் நடந்திருக்கும். மைக்கில் தெளிவாகப் பேசுவானா என்று கேள்" என்றார். நான் மொழிபெயர்க்காமல் நின்றேன். இரண்டாவது தடவை குரலை உயர்த்திக் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

அவனைத் தூக்கில் போட மாட்டார்கள். சரணடைந்தவன் பேசினால் காட்டிலிருந்து இன்னும் பலர் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒலிபெருக்கி லோரியில் அவனை ஏற்றித் தோட்டம் தோட்டமாகப் போகப் போகிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் தோட்டம். நானும் லோரியில் இருப்பேன். எல்லாரும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நீ மட்டும் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி,
ராஃபேல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
20 ஏப்ரல் 1952

அன்புள்ள ராஃபேல்,

உன் நெற்றிக் காயம் ஆறிவிட்டதா? வாளியை நான் உன்மேல் எறியவில்லை. லோரியில் நின்ற அவன்மேல்தான் எறிந்தேன். நீ ஏன் குறுக்கே வந்தாய் என்று முதலில் கோபம், அப்புறம் பார்த்தால் உன் சட்டையெல்லாம் ரத்தம். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு.

உன் கடிதத்தை வேலம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. வீட்டிலேயே இரு என்று நீ எழுதினாய். நான் பூட்டிக்கொண்டு கிடந்தால் அவன் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போயிருப்பான். அவன் மைக்கைப் பிடித்து "சகோதரர்களே" என்றான் பார், வேலம்மாதான் முதலில் தன் வாளியைத் தட்டினாள். அப்புறம் எல்லாப் பொம்பளைகளும். கத்திப் பிடியால், கல்லால், கையில் கிடைத்ததால். அத்தனை வாளிச் சத்தத்தில் அவன் ஒலிபெருக்கி எங்கே கேட்கும்? அந்த சார்ஜண்ட் "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று தொண்டை கிழியக் கத்தினான், வானத்தைப் பார்த்துச் சுட்டான். ஸ்டாப் என்றால் என்ன என்று இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதானே. ஒருத்தியும் நிறுத்தவில்லை. கடைசியில் நல்லசாமி துண்டால் தலையை மூடிக்கொண்டு லோரிக்குள்ளே உட்கார்ந்தான். அதுவரை தட்டினோம். பிறகு துப்பாக்கிக் கட்டையால் எங்களை அடித்தார்கள். வேலம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எனக்கு முதுகு கன்றிப்போயிருக்கிறது. பரவாயில்லை.

எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவன் உயிரோடு இருப்பான், சிகரெட் குடிப்பான். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவனை நான் மன்னிக்கவில்லை. சாமியாரும் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உன் அத்தானை நினைத்துப் பாரடா. அறுக்கப் போகிறவனுக்கு, பிழைத்துக்கொள் என்று பாடம் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். சரியாகச் சொல்கிறானா என்று வேறு பார்த்திருக்கிறார்! படிக்க மாட்டேன் என்று வகுப்பை விட்டு எழுந்துபோன மனிதர். ராத்திரி அழுகிறேன், நடுவில் சிரிப்பும் வந்துவிடுகிறது. வேலம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள் கேட்ட சிரிப்பு நிஜமான சிரிப்புத்தான்.

மறுநாள் காலையில் கேட்டில் புதுசாக ஒரு பட்டாளத்தான் நின்றான். அடி வாங்கிய வரிசையைப் பார்த்து அவனுக்கும் பயம். "ஹால்ட்! ஹூ கோஸ் தேர்?" என்றான். நான்தான் முதல் ஆள். என் வாய் என்ன சொல்லப் போகிறது என்று எனக்கே தெரியாது. வாளியைத் தலைக்கு மேலே தூக்கினேன். "பிரண்டு தொரே, பால் வாளி தொரே!" என்றேன். பின்னாலே வேலம்மா ஒற்றைக் கையால் தூக்கிச் சொன்னாள். அதற்குப் பின்னாலே ஒவ்வொருத்தியும் சொன்னாள். வரிசை முடிகிறவரை அதே பேச்சுத்தான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இந்தத் தோட்டத்து இங்கிலீஷே இதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. இப்போது ஹால்ட் என்று கத்துவதில்லை. நாங்கள் மரத்து மறைவிலிருந்து வரும்போதே அவனாகவே "பால் வாளி?" என்று கேட்கிறான். நாங்கள் "பால் வாளி" என்கிறோம். கேட்டைத் திறக்கிறான். புதுசாக வருகிற ஆளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறான். என் புருஷன் பேசிய இங்கிலீஷை வெள்ளைக்காரன் படிக்கிறான், ராஃபேல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். கேட்டில் உன்னையும் நிறுத்துவான். உன் ஸ்டேஷன் இங்கிலீஷ் இங்கே எடுபடாது. கையைத் தூக்கி உன் அத்தான் சொன்னதைச் சொல், விட்டுவிடுவான்.

உன் அக்கா,
முரியல்